கிழமையும் மூப்பும்: தமிழ் இலக்கிய வரலாற்றில் முதுமையை ஏற்றல்

முன்னுரை

மூப்பு உடலுக்கு நேர்வது. மூத்துவிட்டோம் என்னும் உணர்வு மனத்துக்கு நேர்வது. இவ்விரண்டும் ஒரே நாளில் வருவதில்லை. நரை தோன்றிய பின்னும் அவ்வுணர்வு எய்தாதவர் உண்டு. உடல் தளருமுன்னரே, அயலார் ஒருவர் ‘பெரியவரே’ என்று விளித்த பொழுதில் அதனை எய்தியவரும் உண்டு. உடலின் மூப்பை மருத்துவம் ஆராய்கிறது. அவ்வுணர்வை மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதற்கான சான்றுகள் பெரிதும் இலக்கியத்திலும் சொல்வழக்கிலும் சமூக நிறுவனங்களிலும் காணப்படுகின்றன. அவ்வகையில் அது வரலாற்று ஆய்வுக்கும் உரிய பொருளாகிறது.

தமிழிலக்கியத்தில் முதுமை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் நிலையாமைக் கருத்தோடு நின்றுவிடுவர். இளமை நில்லாது, யாக்கை நில்லாது என்னும் அறவுரைகளின் ஒரு பகுதியாகவே மூப்பு நோக்கப்படுகிறது. இந்நோக்கு பிழையன்று, ஆயினும் முழுமையானதன்று. மூப்பை ஏற்றலும் ஏலாமையும் தனிமனிதரின் மனவுறுதியை மட்டும் பொறுத்தவை அல்ல. மூத்தவர்க்குச் சுற்றத்தார் நடுவே என்ன உரிமை எஞ்சியிருந்தது என்பதையும் அவை பொறுத்திருந்தன. சங்கப் பாடல்கள் தொடங்கி இக்கால ஓய்வூதிய விதிகள் வரையுள்ள சான்றுகளைக் கொண்டு இக்கருத்தை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

கிழவன்: ஒரு சொல்லின் வரலாறு

ஆய்வுக்குரிய முதற்சான்று சொல்வழக்கிலேயே அமைந்துள்ளது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் கிழவன், கிழத்தி என்னும் சொற்கள் அகப்பொருள் தலைவனையும் தலைவியையும் குறிக்கின்றன. அவர்கள் இளையோர், காதல் வாழ்வின் தொடக்கத்தில் நிற்போர். அச்சொற்களின் அடியாகிய ‘கிழமை’ உரிமை என்னும் பொருளது. ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப் பொருள் கூறும் இலக்கண மரபு இதனை உறுதிசெய்கிறது. ஆவூர் மூலங்கிழார், அரிசில் கிழார் முதலிய சங்கப் புலவர் பெயர்களிலும், பிற்காலத்துச் சேக்கிழார் என்னும் பெயரிலும் இவ்வுரிமைப் பொருளே விளங்குகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலமுடையார் பெயர்களோடு கிழவன், கிழான், உடையான் என்பன சேர்ந்து வருதல் வரலாற்றாசிரியர் நன்கறிந்த செய்தி.

இன்றைய வழக்கில் கிழவன் என்பது முதியவனை, அதிலும் மதிப்புக் குறைவாக, குறிக்கும் சொல். உடைமையையும் உரிமையையும் குறித்த சொல் வெறும் ஆண்டு முதிர்ச்சியைக் குறிக்கத் தொடங்கி, பின்னர் இழிவுக் குறிப்பையும் பெற்றது. உடைமை பெரும்பாலும் குடும்பத்து மூத்தவரிடம் இருந்தமையால் உடையவனும் மூத்தவனும் ஒரு சொல்லால் சுட்டப்பட்டிருக்கலாம். உடைமை நீங்கிய பின்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. ‘கிழம்’ என்னும் பேச்சு வழக்கில் உரிமையின் சுவடே இல்லை.

‘மூ’, ‘முது’ என்னும் அடிகளிலிருந்து வந்த சொற்கள் இத்தகைய வீழ்ச்சியைப் பெரிதும் எய்தவில்லை. மூதூர், முதுகுடி, மூதறிவு, மூப்பன் என்பன தொன்மையையும் தேர்ச்சியையும் தலைமையையும் உணர்த்துகின்றன. தமிழில் முதுமையைச் சுட்டும் சொற்கள் இவ்வாறு இரு வழியாகப் பிரிந்து நிற்பதே, முதுமையைப் பற்றிய இருவகை மனநிலைகள் நெடுங்காலம் உடன் வாழ்ந்தமையைக் காட்டும்.

சங்கப் பாடல்களில் நரை

புறநானூற்றில் முதுமையுணர்வை நேர்முகமாகப் பேசும் பாடல்களுள் மூன்றை ஒருசேர நோக்குதல் பயன்தரும். அவை பிசிராந்தையார் பாடியதும் (191), நரிவெரூஉத்தலையார் பாடியதும் (195), தொடித்தலை விழுத்தண்டினார் பாடியதும் (243) ஆகும்.

ஆண்டு பல கடந்தும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாது என்று சான்றோர் வினவ, பிசிராந்தையார் விடையளிக்கிறார். அவ்விடையில் உணவு, உடற்பயிற்சி, தவம் என எதுவும் இடம்பெறவில்லை. மனைவியும் மக்களும் பண்பால் நிறைந்தவர். ஏவலர் தம் கருத்தறிந்து நடப்பவர். அரசன் தீமை செய்யாது காப்பவன். ஊரிலோ கல்வி நிறைந்து புலனடங்கிய சான்றோர் பலர் உளர். இவையே அவர் கூறும் காரணங்கள். ஒருவரின் மூப்பு அவரைச் சூழ்ந்தோரின் இயல்பால் விரைவதும் தாழ்வதும் உண்டு என்பது இதன் உட்கிடை. இப்பாடலை இளமை காக்கும் வழியாக மட்டும் கொண்டால் அதன் சூழல் மறைந்துவிடும். வடக்கிருந்த நண்பன் கோப்பெருஞ்சோழனை நாடி வந்த இடத்தில் அவர் இவ்விடையைக் கூறினார். தாமும் அங்கே வடக்கிருந்து உயிர் நீத்தார். நரையில்லாத அம்மனிதர் சாவை அஞ்சி விலகியவர் அல்லர். அதனைத் தேடி வந்தவர். மூப்பின் கவலை இன்மையும் சாவை ஏற்றலும் அவரிடம் முரணின்றிப் பொருந்தின.

தொடித்தலை விழுத்தண்டினாரின் பாடல் இதற்கு நேர்மாறான மனநிலையது. மணலில் பாவை செய்து மகளிரோடு ஆடியதும், கரையோர மருதமரத்தின் கிளையேறி நின்று காண்போர் வியக்க ஆழ்நீரில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததும் அம்முதியவர் நினைவில் எழுகின்றன. இப்போது அவர் கையில் ஊன்றுகோல் உள்ளது. உடல் நடுங்குகிறது. இருமல் இடைமறிப்பதால் சொற்களும் சிலவாகிவிட்டன. அந்த இளமை எங்கே போயிற்று என்னும் வினாவோடு பாடல் முடிகிறது. புலவரின் இயற்பெயர் தெரியவில்லை; பாடலில் வரும் ஊன்றுகோலின் பெயராலேயே அவர் அறியப்படுகிறார்.

இப்பாடலுக்குத் துறை வகுத்தோர் அதனைக் கையறுநிலை என்று குறித்துள்ளனர். கையறுநிலை என்பது தலைவனை இழந்தோர் இரங்கிப் பாடுவது. பாரியையும் அதியமானையும் இழந்தோர் பாடியவற்றுக்குரிய துறையில், தன் இளமையை இழந்தவர் பாடியதும் வைக்கப்பட்டுள்ளது. இளமையின் நீக்கத்தை ஓர் இறப்பாகவே கருதி இரங்குதற்கு மரபு இடம் தந்தது என்பது இதனால் புலனாகிறது. அவ்விரக்கத்தை அது அடக்கவில்லை. அறவுரை கூறித் திருத்தவும் முற்படவில்லை. ஏற்றலுக்கு முன்னதாக இரங்கல் வேண்டும் என்னும் அறிவு இவ்வகைப்பாட்டில் அமைந்திருப்பதாகக் கொள்ளலாம்.

நரிவெரூஉத்தலையார் பாடல் மீன்முள் போன்ற நரையும் சுருங்கிய கன்னமும் உடைய முதியோரை நோக்கிப் பேசுவது. அவர்களது மூப்புப் பயனற்றது என்று அவர் துணிந்து கூறுகிறார். நல்லது செய்ய இயலாவிடினும் தீயது செய்தலைத் தவிருங்கள் என்பது அவர் முன்வைக்கும் எளிய அறம். பிசிராந்தையாரின் நரையின்மைக்குக் காரணமானோர் சான்றோர். இங்கே பயனில் மூப்பினராகச் சுட்டப்படுவோரும் சான்றோர் என்றே விளிக்கப்படுகின்றனர். ஆண்டு முதிர்ச்சி மட்டும் சான்றாண்மை தராது என்னும் கருத்து இவ்விளியில் கூர்மை பெறுகிறது. ஒரு குடியில் மூத்தவனை விடுத்து அறிவுடையவனையே அரசும் பின்பற்றும் என்று ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் கூறுவதையும் (புறம். 183) இதனோடு ஒப்புநோக்கலாம்.

அகப்பாடல்களிலும் மூப்பு எதிர்நோக்கப்படுகிறது. நற்றிணை 10ஆம் பாடலில், உடன்போக்கில் தலைவியைத் தலைவனிடம் ஒப்படைக்கும் தோழி, இவளது மேனியழகு தளர்ந்து கூந்தல் நரைத்த காலத்தும் கைவிடாதே என்று வேண்டுகிறாள். காதலின் தொடக்கத்திலேயே மூப்பு ஒரு பொறுப்பாக முன்வைக்கப்படுகிறது. தொல்காப்பியக் கற்பியலின் இறுதிப் பகுதியும் காமநுகர்ச்சி நிறைந்த பின்னர்த் தலைவனும் தலைவியும் மக்களும் சுற்றமும் சூழ மேலான அறத்தில் பயில்வதை இல்வாழ்வின் பயனாகக் கூறுகிறது. இங்குத் துறவு பேசப்படவில்லை. சுற்றத்தோடு கூடிய முதிர்ச்சியே பேசப்படுகிறது.

எனினும் சங்ககாலத்தை முதியோரின் பொற்காலமாகக் காட்டுதல் பொருந்தாது. பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசில் வேண்டிப் பாடுகையில் (புறம். 159) தம் தாயின் நிலையை எடுத்துரைக்கிறார். நூல் போல் நரைத்த கூந்தலும் மங்கிய கண்ணும் உடைய அம்மூதாட்டி கோலூன்றிச் சிற்றடி வைத்து நடப்பவள், முற்றத்துக்கும் செல்லமாட்டாதவள், தன் உயிர் போகவில்லையே என்று வெறுப்பவள். பிசிராந்தையாரை நரையின்றி வைத்த சூழல் அவளுக்கு வாய்க்கவில்லை. வறுமை சூழ்ந்த மனையில் மூப்பு பெருஞ்சுமையாகியது. இவ்விரு பாடல்களும் ஒரே தொகையில் இருப்பது நல்வாய்ப்பு. மூப்பின் தன்மையைப் பொருள்நிலையும் உரிமையும் வேறுபடுத்தின என்பதற்கு இவற்றினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நிலையாமையும் அதன் எல்லையும்

நாலடியாரில் செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்னும் மூன்றும் முதலிலேயே தனித்தனி அதிகாரங்களாக நிற்கின்றன. திருமந்திரத்தின் முதல் தந்திரத்திலும் இளமை நிலையாமை தனித்தலைப்பாக உள்ளது. நரை வருமுன்னரே அதனை எண்ணித் துறந்தோரே அறிவுடையோர் என்பது நாலடியாரின் நோக்கு. மூத்தபின் மூப்பை ஏற்பது இதன்படி காலந்தாழ்ந்த செயல்.

மணிமேகலையில் காயசண்டிகை வடிவம் கொண்ட மணிமேகலை, தன்னை விரும்பி வந்த உதயகுமரனுக்கு ஒரு நரைமூதாட்டியைச் சுட்டிக்காட்டி உறுப்புதோறும் நேர்ந்த மாற்றத்தை எடுத்துரைக்கிறாள். கருமணல் போன்றிருந்த கூந்தல் வெண்மணலாயிற்று என்று தொடங்கும் அப்பகுதி, அழகை வருணிக்கும் மரபுவழி உவமைகளைத் தலைகீழாக்குகிறது. அதன் கலைத்திறன் ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் அம்மூதாட்டி அங்கே ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவள் பிறர் கற்றற்குரிய பாடம் மட்டுமே. தன் மூப்பைத் தானே பேசிய புறநானூற்று முதியவர்க்கும் பிறரால் பேசப்படும் இம்மூதாட்டிக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. நிலையாமை இலக்கியம் இளையோரை நோக்கி எழுதப்பட்டது. முன்னரே மூத்துவிட்டவர் எஞ்சிய நாள்களில் எவ்வாறு வாழ்வது என்னும் வினாவுக்கு அதில் கிடைக்கும் விடை சிறிதே.

இதற்கு இணையாக, மூப்பை விரும்பி மேற்கொண்ட கதைகளும் தமிழில் வழங்கின. இளையன் என்று ஐயுற்ற முதியோர் முன்னர்க் கரிகாலன் நரைமுடி அணிந்து வந்து வழக்குத் தீர்த்தான் என்பது பழமொழி நானூறு குறிக்கும் செய்தி. சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க வந்த இறைவன் முதிய வேதியராக, கையில் அடிமை ஓலையோடு வந்து உரிமை வழக்குரைத்ததைப் பெரியபுராணம் விரிக்கிறது. மணவாழ்வைத் தவிர்க்க இளமையிலேயே மூப்பை வேண்டிப் பெற்றதாக ஔவையாரைப் பற்றிய கதை கூறுகிறது. 1953இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்து வெளிவந்த ஔவையார் திரைப்படம் இக்கதையை மக்களிடையே மேலும் பரப்பியது. கரிகாலனுக்கு நரை நம்பகம் தந்தது. வேதியர்க்கு வழக்குரைக்கும் தகுதி தந்தது. ஔவைக்கோ தனியே ஊர்தோறும் நடந்து அரசர்க்கும் அறிவுரை கூறும் விடுதலை தந்தது. இம்மூன்று கதைகளிலும் மூப்பு கிழமையின் வாயிலாக விளங்குகிறது. இளம்பெண்ணுக்கு அவ்வுரிமை மறுக்கப்பட்டதாலேயே அவள் மூப்பைக் கடன்வாங்க வேண்டியிருந்தது என்பதும் இங்கு மறத்தற்குரியதன்று.

நரை என்னும் தூது

முதல் நரையைத் தூதாகக் கருதுதல் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான மரபு. பாலி மொழியிலுள்ள மகாதேவ சாதகத்தில் அரசன் தன் தலையில் நரை கண்டதும் அறிவிக்குமாறு முடிதிருத்துவோனைப் பணித்திருக்கிறான். அறிவிப்பு வந்ததும் மகனுக்கு அரசளித்துத் துறவு மேற்கொள்கிறான். காளிதாசரின் இரகுவம்சத்தில் நரை தசரதனின் காதருகே வந்து, இராமனுக்கு அரசைக் கொடு என்று கைகேயிக்கு அஞ்சியது போல் மெல்ல உரைக்கிறது. கம்பராமாயண மரபில் வழங்கும் பாடல் ஒன்றிலும் இக்காட்சி இடம்பெறுகிறது.

மனுநூல் இல்லறத்தான் வானப்பிரத்தம் மேற்கொள்ளும் காலத்தைக் குறிக்கையில் திரையும் நரையும் பேரப்பிள்ளையும் கண்டபோது என்கிறது. ஆண்டுக்கணக்கை அங்கே அது கூறவில்லை. உடலின் அடையாளம் ஒன்றும் உறவின் அடையாளம் ஒன்றும் சேர்ந்தே பருவத்தை உணர்த்தின. தூது வந்ததும் செய்ய வேண்டிய செயலும் தெளிவாக இருந்தது. பொறுப்பை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தலே அது. ஒப்படைப்பதற்கு ஏதேனும் உடையவர்க்கே இம்மரபு வழிகாட்டிற்று என்பதும் உண்மை. அரசனின் நரைக்குப் பல காவியங்கள் உள. உழவுத் தொழிலாளியின் நரை அவ்வாறு பாடப்படவில்லை.

எண்ணும் பருவமும்

பழைய மரபில் வயதை எண்ணால் வரையறுக்கும் வழக்கம் இல்லாமலில்லை. பாட்டியல் நூல்கள் இதற்குச் சான்று. பன்னிரு பாட்டியல் முதலியன பெண்பாற் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாக வகுத்து ஒவ்வொன்றுக்கும் ஆண்டெல்லை கூறுகின்றன. பேரிளம்பெண்ணின் எல்லை 40 ஆண்டு. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞானவுலா தொடங்கி உலா இலக்கியம் இவ்வேழு பருவங்களையே பின்பற்றுகிறது. ஆடவர்க்கு 30 ஆண்டுக்கு மேல் முதுமகன் என்னும் ஒரே பருவம் கூறப்படுகிறது.

இவ்வெண்கள் காமச்சுவைக்குரிய இலக்கிய வரையறைகள். வாழ்வியல் கணக்குகள் அல்ல. ஆயினும் இரண்டு செய்திகள் இவற்றால் பெறப்படும். முதலாவது, 40 வயதை எட்டிய பெண்ணையும் ‘இளம்பெண்’ என்னும் சொல்லை விடாமலே இம்மரபு சுட்டியது. அதற்கப்பால் அவளுக்குப் பெயரே இல்லை. இரண்டாவது, நடுவயது என்று இன்று வழங்கும் தனிப்பருவம் இப்பகுப்பில் ஆடவர்க்கும் இல்லை. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் ஒருவர் எய்தும் தடுமாற்றத்தைச் சொல்வதற்கு மரபுவழிப் பெயர் கிடைக்காமல் போனதன் ஒரு காரணம் இதுவெனலாம்.

எண்ணோடு தொடர்புடைய மற்றொரு மரபு அறுபதாம் ஆண்டு விழா. பிரபவ முதல் அட்சய வரையுள்ள 60 ஆண்டுச் சுழற்சி முடிந்து, பிறந்த ஆண்டின் பெயர் மீண்டும் வருவதை இது கொண்டாடுகிறது. மார்க்கண்டேயருக்காக இறைவன் காலனை உதைத்த தலமாகப் போற்றப்படும் திருக்கடவூரில் இவ்விழா இன்றும் சிறப்பாக நிகழ்கிறது. இங்கு அறுபது என்பது முடிவைக் குறிக்கவில்லை. ஒரு சுற்று நிறைந்து மறுசுற்றுத் தொடங்குவதைக் குறிக்கிறது. கணவனும் மனைவியும் மீண்டும் மாலை மாற்றிக்கொள்ள, மக்களும் பேரரும் அதனைக் காண்கின்றனர். மூப்பை ஏற்றல் சுற்றத்தார் நடுவே நிகழும் சடங்காகிறது. எனினும் கைம்பெண்ணுக்கும் மணமாகாதவர்க்கும் இச்சடங்கில் இடமில்லை என்பதையும் குறித்தாக வேண்டும்.

அரசு வகுத்த முதுமை

ஆங்கிலேயர் ஆட்சியில் வயது ஓர் ஆவணச் செய்தியாயிற்று. 1881இல் இந்தியா முழுமைக்கும் ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட குடிக்கணக்கு ஒவ்வொருவரிடமும் வயதைக் கேட்டது. சாதகம் உடையோர் தவிர்ந்த பெரும்பான்மையோர்க்குத் தம் வயது எண்ணாகத் தெரியாது. தாது ஆண்டுப் பஞ்சம் போன்ற நிகழ்ச்சிகளைக் கொண்டே அவர்கள் ஆண்டுகளை நினைவிற் கொண்டனர். ஐந்திலும் பத்திலும் முடியும் எண்களை மக்கள் மிகுதியாகக் கூறியமை இந்தியக் குடிக்கணக்கு வரலாற்றில் பலமுறை குறிக்கப்பட்ட செய்தி. பின்னர்ப் பள்ளிச் சான்றிதழில் எழுதப்பட்ட பிறந்தநாளே அரசறிந்த வயதாயிற்று. சான்றிதழ் வயதும் மெய்யான வயதும் வேறுபடும் நிலை பல குடும்பங்களில் இயல்பாக இருந்தது.

அரசுப் பணியில் ஓய்வு வயது எண்ணால் வரையறுக்கப்பட்டது. 1922இல் நடைமுறைக்கு வந்த அடிப்படை விதிகள் பொதுவாக 55 வயதை ஓய்வுக்குரியதாகக் கொண்டன. நடுவணரசு 1962இல் அதனை 58 ஆகவும் 1998இல் 60 ஆகவும் உயர்த்தியது. தமிழ்நாடு அரசு 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்த்தியது. கேரளத்தில் 2012இல் 55 என்பது 56 ஆயிற்று. நடுவண் பல்கலைக்கழக ஆசிரியர்க்கு 2007இல் 65 ஆயிற்று. ஒரே நாட்டில், ஒரே நிலையிலுள்ள உடல், பணியாற்றும் இடத்தைப் பொறுத்து முதியதாகவும் முதிராததாகவும் கொள்ளப்படுகிறது. 1999ஆம் ஆண்டின் முதியோர்க்கான தேசியக் கொள்கையும், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டமும் 60 வயதை எல்லையாகக் கொண்டன.

இம்மாற்றத்தின் நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. தமிழ்நாட்டில் 1962இலும் தேசிய அளவில் 1995இலும் தொடங்கிய முதியோர் ஓய்வூதியத் திட்டங்கள், உடைமையும் துணையும் இல்லாத முதியோர்க்குச் சிறு தொகையையேனும் உரிமையாக்கின. அரசனுக்கும் நிலமுடையார்க்கும் மட்டும் இருந்த கிழமை, பெருஞ்சித்திரனாரின் தாயைப் போன்றோர்க்கும் சட்டத்தின் வழியே முதன்முறையாக ஓரளவு கிட்டியது. அவ்வெண் இன்றி இவ்வுரிமை இல்லை.

மறுபுறம், எண் வழங்கிய முதுமைக்குச் செயல் எதுவும் வழங்கப்படவில்லை. நரையைத் தூதாகக் கண்டவன் அடுத்துச் செய்ய வேண்டியதை அறிந்திருந்தான். ஓய்வு ஆணை பெறுபவர்க்கு அடுத்த நாள் செய்ய வேண்டியது யாதெனக் கூற எவரும் இல்லை. 1951ஐ ஒட்டிய காலத்தில் இந்தியரின் பிறப்புக்கால வாழ்நாள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 32 ஆண்டே. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலோ 60 வயது நிரம்பியோர் 10 கோடிக்கு மேற்பட்டனர். தமிழ்நாட்டு மக்களுள் அவர்கள் 10 விழுக்காட்டினர். சிலர்க்கே வாய்த்த பருவம் பலர்க்கும் உரியதாகியபோது, அப்பருவத்துக்குரிய பழைய பெயர்களும் கடமைகளும் தேய்ந்திருந்தன. மூப்பை ஏற்றல் தனியொருவர் மனத்துக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சிக்கலாகச் சுருங்கியது இச்சூழலில்தான்.

ஓய்வுக்குப் பின்: இரு சான்றுகள்

இச்சூழலை எதிர்கொண்டோருள் தமிழாய்வாளர்க்கு அணுக்கமான இருவரை மட்டும் இங்குக் காணலாம். உ. வே. சாமிநாதையர் 1855இல் பிறந்தவர். 1919இல் சென்னை மாநிலக் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பெருங்கதைப் பதிப்பு 1924இலும் குறுந்தொகைப் பதிப்பு 1937இலும் வெளிவந்தன. குறுந்தொகை வெளிவந்தபோது அவருக்கு வயது 82. 1940இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ எழுதத் தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தபோது அது முற்றுப்பெறவில்லை. மணிமேகலைப் பதிப்புக் காலத்தை ஒட்டிய பகுதியோடு, அதாவது அவரது நாற்பதுகளின் நடுவில், நின்றுவிடுகிறது. தொடித்தலை விழுத்தண்டினாரின் பாடலை உள்ளடக்கிய புறநானூற்றை அவர் அச்சேற்றியது 1894இல், தம் 39ஆம் வயதில். 85ஆம் வயதில் அவரும் இளமையை நினைந்து எழுதினார். ஆனால் அவரது நினைவு தம் ஆசிரியரையும் ஏடு தந்தோரையும் உடன் உழைத்தோரையும் நோக்கியே மீண்டும் மீண்டும் செல்கிறது. முதுமையில் அவர்க்கு எஞ்சியிருந்த கிழமை நிலத்தின் மீதானதன்று. தாம் மட்டுமே அறிந்த ஒரு கல்வி உலகத்தை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் பொறுப்பே அது.

கி. ராஜநாராயணன் முப்பதுகளின் நடுவில்தான் எழுத்துலகில் அறிமுகமானார். ‘மாயமான்’ என்னும் சிறுகதை 1958இல் சரஸ்வதி இதழில் வெளிவந்தது. கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி அறுபது வயதை ஒட்டி வந்தது. பிறர் ஓய்வு பெறும் வயதைக் கடந்தபின், கல்லூரிப் பட்டம் இல்லாத அவர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக நாட்டார் கதைகளைத் திரட்டினார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். முதியோர் வாயிலிருந்து கதை கேட்டு எழுதியதே அவரது பணி. பயனில் மூப்பு என்று ஒதுக்கப்படுவோரிடம் சமூகத்துக்குத் தேவையான ஒன்று இருக்கிறது என்பதை அப்பணி மெய்ப்பித்தது.

இவ்விருவர் நிலை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. பெண்கள் பலர்க்கு மூத்த வயதில் கிட்டும் உரிமையே சிறையாவதும் உண்டு. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்னும் சிறுகதை, ராஜஸ்தானத்துக் கூட்டுக்குடும்பம் ஒன்றில் சமையலறையின் ஆட்சியையே தன் வாழ்நாள் அதிகாரமாகக் கொண்ட மூதாட்டியைக் காட்டி இவ்வினாவை எழுப்புகிறது. கிழமை இருத்தல் மட்டும் போதாது. அது எத்தகைய கிழமை என்பதும் உசாவத்தக்கது.

முடிவுரை

தமிழ் இலக்கிய மரபு மூப்பை ஏற்றலுக்கு ஒரே வழியைக் கூறவில்லை. இழந்ததற்கு இரங்க அது இடம் தந்தது, பயனின்றி மூத்தலைக் கடிந்தது, துறவைப் பரிந்துரைத்தது, சுற்றத்தோடு முதிர்தலையும் போற்றியது. இவற்றுள் நிலையாமை அறிவுரை மட்டுமே பிற்காலத்தில் பெரிதும் எடுத்தோதப்பட்டமையால், மூப்பை ஏற்றல் மனவடக்கத்தோடு ஒன்றாகக் கருதப்பட்டுவிட்டது. பிசிராந்தையாரின் விடையையும் பெருஞ்சித்திரனார் தாயின் வெறுப்பையும் அருகருகே வைத்து நோக்கின், மன அமைதிக்கு அடியில் மனையும் ஊரும் அரசும் இருந்தமை தெளிவாகும்.

உரிமையைக் குறித்த கிழமை என்னும் சொல் தளர்ச்சியைக் குறிக்கும் கிழம் எனத் தேய்ந்தது. அத்தேய்வைத் தடுத்துநிறுத்தும் ஆற்றல் சொல்லாய்வுக்கு இல்லை. ஆயினும் முதியோர் இல்லங்களும் ஓய்வூதியமும் பற்றிய இன்றைய விவாதங்களில், மூத்தவர்க்கு உணவும் மருந்தும் வழங்கினாற் போதுமா, அல்லது செய்வதற்குரிய செயலும் கேட்பதற்கு ஆளும் வேண்டுமா என்னும் வினாவைப் பழைய இலக்கியச் சான்றுகள் முன்வைக்க இயலும். இருமலுக்கிடையே சில சொற்களே பேசிய முதியவரின் பாடலைப் பாதுகாத்துத் துறை வகுத்துத் தொகையிற் சேர்த்தோர் அவ்வினாவுக்குத் தம் காலத்து விடையை அளித்துள்ளனர்.